பதினொரு புத்தகங்களின் முதல் தாள்

எழுதி முடித்ததும் இதை அக்காவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு விவரங்களை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். பையனிடமும் கேட்டேன். "என் பேரு மட்டும் வேணாம் ஆன்ட்டி" என்றான். அதனால் யார் பெயரும் ஊரும் இதில் இல்லை. மற்றபடி நடந்தது நடந்தபடிதான்.

மர்மக் கதைகளில் எனக்குப் பிடித்தது ரத்தம் அதிகம் சிந்தாத வகை. 'கோஸி மிஸ்டரி' என்கிறார்கள். போலீஸ் வேலை பார்க்காத ஒருவர், அக்கம்பக்கத்தில் எல்லாரையும் அறிந்தவர், கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்ப்பார். கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்து 'இவர்தான்' என்பார். புத்தகம் முடிந்துவிடும். மறுநாள் காலையில் அந்த மனிதர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் எப்படி விழித்தார்கள் என்ற கேள்வி, முப்பது வருஷம் படித்தும் எனக்கு வந்ததில்லை. போன வருஷம் வந்தது.

நாங்கள் சிலர் சேர்ந்து சம்பளம் இல்லாமல் ஒரு சின்ன நூலகம் நடத்துகிறோம். ஒரே அறை, எட்டு அலமாரி, ஒரு நீள மேஜை. வாரத்தில் மூன்று மாலை என் பொறுப்பு. புதிதாக வரும் புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றி, முதல் தாளின் பின்புறம் முத்திரை குத்தி, முதுகில் லேபிள் ஒட்டி அலமாரிக்கு அனுப்புவது அக்காவும் நானும். கூடப்பிறந்த அக்கா இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர், பழகிப் பழகி அக்காவாகிவிட்டவர். லேபிள்கள் எல்லாம் அவர் கையெழுத்து. 'ழ' எழுதும்போது அதன் வாலை இடப்பக்கம் நீளமாக இழுத்து முடிப்பார். தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும்.

காலமான ஒரு பேராசிரியரின் புத்தகங்கள், நூற்று நாற்பதுக்கு மேல், அட்டைப்பெட்டிகளில் வந்தன. அவர் மனைவிதான் கொடுத்தனுப்பினார். அவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து படிக்கிறவர். பெட்டிகள் வந்த வாரம் நான் வெளியூர் போயிருந்தேன். பிரித்தது, பதிந்தது, முத்திரை குத்தியது எல்லாம் அக்கா ஒருவரே. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் அன்றிலிருந்தே தெரிந்த விஷயம்தான் இது. தெரிந்தும் அதை நினைத்துப் பார்க்காமல் இருந்தேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு வாசகர் ஒரு நாவலைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு தாளைத் தனியாக நீட்டினார். "படிச்சுட்டு இருக்கும்போதே கையோட வந்துடுச்சும்மா. நான் ஒண்ணும் பண்ணலை."

15, 16ஆம் பக்கங்கள் இருந்த தாள். அது நூலால் தைத்த புத்தகம். பசை போட்டு ஒட்டிய புத்தகம் உதிரும், தைத்ததில் ஒற்றைத் தாள் மட்டும் உதிராது. அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். மடித்தால் எட்டுத் தாள் வரும். அதில் முதல் தாளும் எட்டாவது தாளும் ஒரே காகிதத்தின் இரண்டு பாதி. நடுவில் மடித்து, அந்த மடிப்பின் மேல் தையல் ஓடும். ஆகவே 15-16 கழன்று வந்தால், பார்க்க வேண்டிய இடம் அதன் ஜோடியான முதல் தாள். திருப்பினேன். இல்லை. யாரோ பிளேடை மடிப்புக்கு மிக நெருக்கமாக வைத்து இழுத்திருந்தார்கள். அடுத்த பக்கத்தில் பிளேடு முனை பட்ட கீறல், தலைமுடி மாதிரி மெல்லியதாக.

அன்று பூட்டுவதற்குள் அத்தனை அலமாரியையும் பார்த்தேன். மொத்தம் பதினொன்று. எல்லாமே பேராசிரியரின் புத்தகங்கள். மற்ற பத்திலும் மடிப்பை ஒட்டி மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குக் கட்டை விட்டு, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வெட்டப்பட்டிருந்தது. போன தாளில் புத்தகத்தின் பெயரைத் தவிர அச்சில் எதுவும் இருக்காது. அன்பளிப்பாகக் கொடுப்பவர்கள் இரண்டு வரி எழுதித் தருவது அந்தப் பக்கத்தில்தான். எனக்கு இது உடனே உறைத்திருக்க வேண்டும்.

உறைக்காததற்குக் காரணம், ஆளை முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். பேராசிரியரின் புத்தகங்கள் இருந்த அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பையன் உட்காருவான். பதினான்கு வயது. பென்சில் பெட்டியில் கட்டர் வைத்திருப்பான். காகிதத்தை வெட்டி மடித்துப் பறவை, காற்றாடி, பாலம் என்று ஏதாவது செய்துகொண்டிருப்பான். நாற்காலிக்கு அடியில் எப்போதும் காகிதத் துணுக்குகள் கிடக்கும். கமிட்டித் தலைவரிடம் சொன்னபோது அவர் வாயிலும் முதலில் வந்தது அவன்தான். வருகிறவர்களின் பையைச் சோதிக்கலாம், கேமரா மாட்டலாம் என்றார். "ரெண்டு வாரம் கொடுங்க, நானே பார்க்கிறேன்" என்றேன். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனாலும் அன்றிரவு ஒரு புது நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் தேதி போட்டபோது எனக்குள் ஓர் உற்சாகம் இருந்தது. யார் மனமோ நோகப்போகிற ஒரு வேலையை ஆசையோடு தொடங்கினேன் என்பதை இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், தாமும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர், அந்த வகைக் கதைகளுக்கு 1929இல் பத்து விதிகள் வகுத்தார். ஆறாவது விதி, துப்பறிபவருக்குத் தற்செயல் கைகொடுக்கக் கூடாது, காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வு ஒன்று அவருக்கு வந்து அது சரியாகவும் போய்விடக் கூடாது என்கிறது. கதை வாசகரை ஏமாற்றக் கூடாது என்பதற்காக எழுதியது. நாம் சந்தேகப்படும் ஆளை ஏமாற்றக் கூடாது என்பதற்கும் அதே விதி பொருந்தும் என்று நான் அப்போது நினைக்கவில்லை. என் உள்ளுணர்வு பையனைக் காட்டியது, நானும் போனேன்.

முதலில் அக்காவிடம் கேட்டேன். அவர் லேபிள் வெட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, அந்தப் பையன் அந்த அலமாரிகிட்ட பிளேடோட உட்கார்ந்திருந்தானே, பார்த்தீங்களா?"

கேட்ட விதத்தைப் பாருங்கள். பையன், அலமாரி, பிளேடு மூன்றையும் நானே கொடுத்துவிட்டு 'ஆமாம்' ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டிருக்கிறேன். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளரும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் 'கார்கள் மோதிக்கொண்டபோது என்ன வேகம்' என்றும், சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது என்ன வேகம்' என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு நொறுங்கிய கூட்டத்தில் 32 சதவீதம் பேர் 'பார்த்தோம்' என்றார்கள், மோதிய கூட்டத்தில் 14 சதவீதம். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு வினைச்சொல்லுக்கே அவ்வளவு பலம் என்றால் என் கேள்விக்கு எவ்வளவு இருந்திருக்கும்.

அக்கா தலை நிமிரவில்லை. "உட்கார்ந்திருப்பான்" என்றார். நான் நோட்டில் 'அக்கா பார்த்திருக்கிறார்' என்று எழுதினேன். அவர் சொன்னதும் நான் எழுதியதும் வேறு வேறு. இப்படி எதையாவது விசாரிக்க நேர்ந்தால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள், 'உட்கார்ந்திருப்பான்' என்றால் அப்படியே. கேள்வியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். 'அந்த அலமாரிப் பக்கம் யார் யாரெல்லாம் போவாங்க?' என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

அடுத்து செய்ததைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. ஒரு மாலை பையன் தண்ணீர் குடிக்க வெளியே போனான். பை திறந்து கிடந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் ஒரு நோட்டை விலக்கினேன். கீழே பாதி முடித்த காகிதப் பாலம் ஒன்று, வளைவுகள் எல்லாம் கணக்குத் தாளில் வெட்டியது. நிமிர்ந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. வந்து பையை மூடி, தோளில் மாட்டிக்கொண்டு, "வரேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஐந்தாறு நாள் கழித்து அவன் அம்மா வந்தார். அவன் எடுத்துப் போயிருந்த மூன்று புத்தகங்களை மேஜை மேல் வைத்தார். ஒவ்வொன்றையும் திறந்து முதல் பக்கத்தை எனக்குக் காட்டி, மூடி, அடுத்ததைத் திறந்தார். மூன்றையும் காட்டிவிட்டு, "எல்லாம் சரியா இருக்கா மேடம், பார்த்துக்குங்க" என்றார். அதுவரை என்னை அவர் மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

நான் யாரிடமும் அவன் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. ஒரு பார்வை, ஒரு பை, தலைவர் இரண்டு பேரிடம் 'அந்தப் பையனாத்தான் இருக்கும்' என்று சொன்னது, இவ்வளவுதான். சின்ன இடத்தில் இதுவே போதுமானதாக இருந்தது.

தற்செயல் உதவக் கூடாது என்ற விதி என் விஷயத்தில் பலிக்கவில்லை. ஒரு மாலை, வெட்டுப்பட்ட புத்தகம் ஒன்று மேஜையில் திறந்து கிடந்தது. ஜன்னல் வழியே தாழ்ந்த வெயில் பக்கத்தின் மேல் படுக்கையாக விழுந்தது. மூன்றாம் பக்கத்தில் எழுத்து தெரிந்தது. மையே இல்லாத எழுத்து. முதல் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியதன் தடம் அடுத்த தாளில் பள்ளமாகப் பதிந்திருந்தது, பக்கவாட்டு வெளிச்சத்தில் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்தாகியிருந்தது.

கதைகளில் இந்த இடத்தில் பென்சிலை எடுத்துத் தேய்ப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேய்த்தால் பள்ளம் நசுங்கும், கரி போகாது, பிறகு முறையாகப் பரிசோதிக்க வழியிருக்காது. ஆவணங்களைப் பரிசோதிக்கும் நிபுணர்கள் சாய்வான வெளிச்சத்தில்தான் முதலில் பார்ப்பார்கள். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்து, மெதுவாகச் சுற்றினால் போதும். ஒரு கோணத்தில் குறுக்குக்கோடுகள் எழும்பும், இன்னொரு கோணத்தில் நெடுங்கோடுகள்.

ஒரு தேதி. அதன் கீழே ஒரு வரி. அந்த வரியை இங்கே எழுத மாட்டேன். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படிக்கச் சொல்லும் அக்கறையான ஒரு வரி என்று மட்டும் சொல்லலாம், அக்கா அதற்குச் சம்மதித்தார். அதில் ஒரு 'ழ' இருந்தது. வால் இடப்பக்கம் நீண்டு போனது.

மீதிப் பத்துப் புத்தகங்களும் பக்கத்திலேயே இருந்தன. டார்ச் கையில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவதைத் திறந்தேன், மூடிவிட்டேன். எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ள ஒன்று போதும். மற்றவற்றைப் படித்தால் அது அவர் வாழ்க்கையைப் படிப்பது. அந்த இரண்டு வார வேலையில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் என்று அதைத்தான் சொல்வேன், அதுவும் பையன் விஷயத்தில் பட்டபின் வந்த புத்தி.

ஆனால் இப்போது இன்னொரு ஆபத்து. ஒரு 'ழ'வை வைத்துக்கொண்டு அடுத்த ஆளை முடிவு செய்வதா? எனக்குத் தெரிந்த கையெழுத்து என்ற நினைப்பே கண்ணுக்கு அப்படிக் காட்டலாம். ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிறார். என்னிடம் இரண்டாவது ஒற்றன் இல்லை. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.

இது பீட்டர் வேசன் என்பவர் 1960இல் வெளியிட்ட ஒரு சோதனையில் இருந்து கற்றது. 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லிக் கேட்டு அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்பார். பலரும் 8, 10, 12 என்று தங்கள் எண்ணத்துக்கு ஒத்துவருவதையே சொல்லிப் பார்த்து, இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று அடித்துச் சொல்வார்கள். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான். 1, 2, 3 என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் தங்கள் எண்ணம் உடைந்திருக்கும். நானும் இரண்டு வாரமாக 8, 10, 12தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் வந்த நாட்கள், உட்கார்ந்த இடம், துணுக்குகள். 'இந்தப் பதினொன்றில் அவன் செய்திருக்கவே முடியாதது எது?' என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கேட்டதும் விடை வந்தது. அது ஆரம்பத்தில் இருந்தே என் கண் முன்னால்தான் இருந்தது. முத்திரை. முதல் தாளின் பின்புறம் குத்துவது எங்கள் வழக்கம். பதினொன்றில் நான்கு புத்தகங்களில் முத்திரை எங்குமே இல்லை, வெட்டிய தாளோடு போய்விட்டது. மீதி ஏழில் முத்திரை மூன்றாம் பக்கத்தில், வலது மூலையில், நேராக இருந்தது. அப்படியென்றால் முத்திரை குத்தும்போதே முதல் தாள் இல்லை. அந்த ஏழும் அலமாரியைப் பார்க்கும் முன்பே வெட்டப்பட்டவை. பெட்டியில் இருந்து எடுத்தவர், வெட்டியவர், முத்திரை குத்தியவர் மூவரும் ஒருவர்.

மேஜையில் உட்கார்ந்தேன். பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம்.

அந்த ஞாயிறு பேராசிரியரின் மனைவி வந்தார். ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல முதல் பக்கம் எங்கேம்மா போச்சு?" என்றார். எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வாயில் வந்தது ஒரு பொய். "தையல் விட்டுப்போய் உதிர்ந்திருக்கும்மா." ஒரு புத்தகத்தில் ஒரு தாள் அப்படி உதிர்ந்தது உண்மைதான், அதனால் பொய் சரளமாக வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து படித்தார்.

அந்தக் கேள்வி வரும் என்று எனக்கு முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: அடுத்தவர் ரகசியம் ஒன்று கையில் வந்த அன்றே, பொய்யாகவும் இல்லாமல் காட்டிக்கொடுக்காமலும் இருக்கிற ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 'அதை விசாரிச்சுட்டு இருக்கோம்மா, இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.' இவ்வளவு போதும். வாய் விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், கேள்வி எதிரே நிற்கும்போது புதிதாக யோசிக்க வராது.

மூன்று இரவு தூக்கமில்லை. பேசாமல் விட்டுவிட்டால் என்ன? வெட்டிய தாளில் கதை இல்லை. அக்கா இனிமேல் வெட்டப்போவதில்லை. சொன்னால் இரண்டு வயதான பெண்களின் மனசு உடையும். கருணை எல்லாம் மௌனத்தின் பக்கம்தான் இருப்பதாகத் தோன்றியது.

அப்போது ஒரு ஷெர்லக் ஹோம்ஸ் கதை நினைவுக்கு வந்தது. 1892 ஜனவரியில் வந்தது. ரத்தினத்தைத் திருடியவன் அகப்பட்டுக் கதறுகிறான், ஹோம்ஸ் கதவைத் திறந்து அவனை வெளியே விட்டுவிடுகிறார். பெரிய மனசு என்று மட்டுமே அதை நினைத்திருந்தேன். எடுத்து மறுபடி படித்தேன். திருடாத ஒரு பிளம்பர் அதே குற்றத்துக்காகச் சிறையில் இருக்கிறான். இவன் இனி அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரமாட்டான், வழக்கு நிற்காது, அவனுக்கு ஆபத்து இருந்தால் கதையே வேறு என்று ஹோம்ஸ் சொல்கிறார். இளம்வயதில் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். என் கதையில் பிளம்பரின் இடத்தில் ஒரு பதினான்கு வயசுப் பையன் இருந்தான், அவன் மீது விழுந்த பழி அப்படியே இருந்தது. நான் மௌனமாக இருந்து அக்காவுக்குக் காட்டுகிற கருணைக்கு விலை கொடுப்பவன் அவன். அவனைக் கேட்காமல் அதைக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் வரவில்லை, மற்ற எல்லாவற்றிலும் வந்திருக்கிறது.

புதன்கிழமை மாலை, எல்லாரும் போன பிறகு பேசினேன். கதவைச் சாத்தவில்லை. அவர் எழுந்து போக நினைத்தால் போகட்டும் என்று பாதி திறந்தே வைத்தேன். எதிரே உட்காராமல் மேஜையின் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். 'நீங்களா?' என்ற கேள்வியைக் கேட்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். விடை தெரிந்த கேள்வியைக் கேட்பது அவரைப் பொய் சொல்ல அழைப்பது.

"அக்கா, சாரோட புத்தகம் ஏழுல முத்திரை மூணாம் பக்கத்துல இருக்கு. ஒரு புத்தகத்துல எழுத்து பதிஞ்சிருந்தது, அதை மட்டும் பார்த்தேன். மத்ததைப் பார்க்கலை, பார்க்கவும் மாட்டேன். ஏன்னு கேட்கப் போறதில்லை. அந்தப் பையன் வர்றதை நிறுத்திட்டான். அது நான் பண்ணின தப்பு. அதை மட்டும் எப்படியாவது சரி பண்ணணும்."

அக்கா பசை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மூடி இறுகிய பிறகும் திருகினார்.

"நீ டார்ச் அடிச்சுப் பார்த்தேன்னு எனக்குத் தெரியும்மா. மறுநாள் வந்து அலமாரியில என் லேபிளா ஒண்ணொண்ணா பார்த்துட்டு நின்னே."

பைக்குள் கை விட்டு இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிய சின்னத் தாள்கட்டு ஒன்றை எடுத்தார். பிரிக்கவில்லை. "பதினொண்ணு. பத்தொன்பது வருஷத்துல. தப்பா ஒண்ணுமில்லை. ஆனா படிக்கிறவங்களுக்கு அப்படித் தோணாது. அவங்க ஞாயித்துக்கிழமை அங்கதானே உட்கார்றாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "'உட்கார்ந்திருப்பான்'னு சொன்னேனே, அந்த ஒரு வார்த்தை. நீ அப்படிக் கேட்டதும் எனக்கு ஒரு வழி கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. சொன்ன நிமிஷத்துல இருந்து என் பேரனை நினைச்சுக்கறேன்" என்றார். பையன் வீட்டுக்கு அவரே போவதாகச் சொன்னார். கூட வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம். நீ உன் பங்குக்குத் தனியா போ."

கமிட்டியிலும் அவரே பேசினார். அந்தத் தாள்களில் இருந்தது என் எழுத்து, வெட்டியது நான், பொதுவுக்கு வந்த புத்தகத்தை வெட்டியது தவறு, பதினொன்றுக்கும் வேறு பிரதி வாங்கித் தருகிறேன் என்றார். "காரணம் தெரிஞ்சுக்கலாமா?" என்று தலைவர் கேட்டார். இதற்கு மட்டும் நான் தயாராக இருந்தேன். "புத்தகத்துக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுடுச்சு சார். பையன் பண்ணலைன்னும் தெரிஞ்சுடுச்சு. நமக்கு இதுக்கு மேல தேவையில்லை." அவர் சிறிது யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் நான் இன்னொன்றை விடவில்லை. அவர் யார் யாரிடம் பையனைப் பற்றிச் சொன்னாரோ, அதே ஆட்களிடம் அவரே பேசி அவன் இல்லை என்று சொல்ல வேண்டும். எழுந்து வெளியே போய் இரண்டு பேருக்கும் அப்போதே போன் செய்தார். அறிவிப்புப் பலகையில் பொதுவாக எதையாவது எழுதிப்போடுவதில் பயனில்லை. சந்தேகம் எந்தக் காதுக்குள் போனதோ அந்தக் காதுக்குத்தான் மறுப்பும் போக வேண்டும்.

பையனிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, வாசலிலேயே நின்று, "உன் பையைத் திறந்து பார்த்தேன். அது தப்பு. நீதான் வெட்டினேன்னு நினைச்சேன், அதுவும் தப்பு" என்றேன். 'ஆனா' என்ற சொல்லைச் சேர்க்கக் கூடாது என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "கட்டர் வச்சிருந்ததாலயா ஆன்ட்டி?" ஆமாம் என்றேன். அவன் அம்மா உள்ளே இருந்து வந்து நின்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

தீராதவை தீராமல்தான் இருக்கின்றன. ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில், தாள் பெற்றவருக்குச் சொந்தம், சொற்களின் உரிமை எழுதியவருக்கு என்பது பல நாட்டுச் சட்டங்களில் உள்ளது. அந்தக் கணக்கில் தாள்கள் பேராசிரியருடையவை, பிறகு அவர் மனைவியுடையவை, பிறகு நூலகத்துடையவை. அக்கா அந்தத் தாள்கட்டை நீட்டியபோது நான் வாங்கிக்கொள்ளவில்லை. நூலகத்தின் பொருளை இப்படி விட்டுவிட எனக்கு என்ன அதிகாரம் என்று கேட்டால் பதில் இல்லை. மறுபடி அதே நிலை வந்தாலும் வாங்க மாட்டேன். பேராசிரியரின் மனைவியிடம் சொன்ன பொய்யையும் திருத்தவில்லை. திருத்தினால் அக்காவின் விஷயம் கூடவே வெளியே வரும். அவர் ஞாயிறுதோறும் வருகிறார், எனக்கு நேரே பார்த்துச் சிரிக்கிறார், நான் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா இரண்டு மாதம் வரவில்லை. பிறகு வந்தார். லேபிள் எழுதுகிறார்.

பையன் அவருக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டான், வேறு நாற்காலி. உதிர்ந்த 15-16ஐ யார் ஒட்டுவது என்ற பேச்சு வந்தபோது நான் அவனைக் கேட்டேன். செல்லோடேப் வேண்டாம், நாளாக ஆக அதன் பசை பழுப்பேறித் தாளைக் கெடுத்துவிடும், மெல்லிய டிஷ்யூ காகிதமும் மாவுப் பசையும்தான் சரி என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். மீதி அவன் கை. டிஷ்யூவை வெட்டாமல் ஓரத்தை ஈரப்படுத்திக் கிழித்தான், விளிம்பில் நார் இருந்தால் நன்றாக ஒட்டும் என்றான். தாளை வைத்து, விரல் நகத்தால் மடிப்பை நீவி, மேலே கனமான அகராதியை ஏற்றினான்.

காயும்வரை மற்ற பத்துப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றில் அந்த மூன்று மில்லிமீட்டர் கட்டையை விரலால் தடவினான். "பார்க்க நல்லா இல்லையே ஆன்ட்டி. ஒட்ட வெட்டிடலாமா?"

"வேணாம்ப்பா. அது இருக்கறதாலதான் அந்தப் பக்கம் 15-16 நிக்குது."

எட்டாவது தாளைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தான். வரவில்லை. புத்தகத்தை மூடி அடுக்கில் வைத்தான்.